பக்கத்துப் பூங்காவைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? விளக்குமாறு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பூங்காவில் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் சேர்ந்து 23 மூட்டை குப்பை அள்ளினோம். மூட்டைகளை கேட் ஓரமாக அடுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டு டிபன் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, நடக்கப் போன ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். ராத்திரியில் நாய்களும் மாடுகளும் மூட்டைகளைக் கிழித்துப் போட்டிருந்தன. அதுவரை செடி மறைவில் கிடந்த குப்பை எங்கள் புண்ணியத்தில் தெருவுக்கு வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் மேலேயே புகார் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை. மூட்டைகளை எடுக்க வண்டி வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வேலை ஒழுங்காக ஓடுகிறது. இடையில் நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் சென்னை மாநகராட்சிப் பூங்காக்களை மனதில் வைத்து. வேறு ஊர் என்றால் அதிகாரிகளின் பதவிப் பெயர் மாறலாம். செய்ய வேண்டிய வரிசை அநேகமாக இதேதான்.

1. பூங்கா யாருடையது?

சிரிக்காதீர்கள். எல்லாப் பூங்காவும் மாநகராட்சியுடையது என்று நினைத்துத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். சென்னையில் செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது. அடையாறு தொல்காப்பியப் பூங்கா சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பு. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையுடையது. இவை பெரியவை, பெயர் சொன்னாலே தெரிந்துவிடும். சிக்கல் எல்லாம் தெருமுனைப் பூங்காக்களில்தான்.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள் இருக்கும் பூங்கா மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்ஆர் நிலம் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். பத்திரம் எழுதியாகிவிட்டதா, வேலி போட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் நடக்கிறதா என்று தெரியாமல் அங்கே போய் முள்ளை வெட்டினால், நாளைக்கு யாராவது வந்து 'என் இடத்தில் உனக்கென்ன வேலை?' என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். மண்டலம், வார்டு எண் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் மொத்தம் 200 வார்டு. பலகை இல்லையென்றால் உள்ளே செடிக்குத் தண்ணீர் விடுகிறவரிடம் 'உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?' என்று கேளுங்கள். எந்த ஆவணத்தையும்விட வேகமாக உண்மை வெளிவரும். அப்புறம் வார்டு அலுவலகத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

2. அங்கே ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள்?

பல மாநகராட்சிப் பூங்காக்களின் பராமரிப்பு ஒப்பந்ததாரரிடம் விடப்பட்டிருக்கிறது. பெருக்குவது, தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, கழிப்பறையைக் கழுவுவது எல்லாம் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. அதை நீங்கள் இலவசமாகச் செய்ய ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் அது உங்கள் வேலையாகவே ஆகிவிடும். ஒரு வாரம் நீங்கள் வரவில்லையென்றால் 'இந்த வாரம் தன்னார்வலர்கள் வரவில்லை' என்று உங்களையே குறை சொல்வார்கள்.

ஆகவே, தினசரிப் பெருக்கல் உங்கள் வேலை கிடையாது. தன்னார்வலர்கள் செய்ய வேண்டியது, ஒப்பந்தத்துக்குள் வராத, ஆள் பற்றாமல் விட்டுப்போன வேலைகள்: மூலையில் வருடக்கணக்காகக் கிடக்கும் குப்பை, களை, இலை உரம், இளம் செடிகளைக் காப்பாற்றுவது, கண்ணில் பட்ட பழுதை எழுதிக் கொடுப்பது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் வாய்வார்த்தையாகச் சொல்லத் தயங்குவார்கள். சண்டை போடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மூன்றே கேள்வி போதும்: இந்தப் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்த நகல், எத்தனை பணியாளர்கள் எந்த நேரத்தில் பணியில் இருக்க வேண்டும், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது. பதினைந்து கேள்வி கேட்டால் பதினைந்துக்கும் வழவழ என்று பதில் வரும்.

இதற்கெல்லாம் முன்னால், அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் பூங்கா வாட்ச்மேன் முதல் நாளே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க மேடம், திங்கக்கிழமை யார் வர்றது?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தோட்ட வேலை செய்யும் அக்காவுக்கோ வேறு பயம். நாங்கள் வந்தால் தன் வேலை போய்விடுமோ என்று. போகாது என்று புரிய வைக்க மூன்று வாரம் ஆனது. இன்றைக்கு எந்தச் செடியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

3. ஆள் சேர்ப்பது

ஐம்பது பேர் வேண்டாம். தவறாமல் வரும் ஆறு பேர் போதும். முதல் வாரம் பதினெட்டு, இரண்டாவது வாரம் பதினொன்று, ஐந்தாவது வாரம் நான்கு. எங்கள் கணக்கு இதுதான், எல்லா இடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அந்த நான்கு பேரை வைத்துத் திட்டம் போடுங்கள்.

தெருவில் பதிவு பெற்ற குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தால் அதன் லெட்டர்ஹெட்டில் மனு கொடுங்கள், மதிப்பு கூடும். இல்லையென்றால் அதற்காகப் புதிதாகச் சங்கம் பதிவு செய்யக் கிளம்பாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம்தான். ஆனால் வருடா வருடம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று தொடரும். வெறும் துப்புரவுக்கு அது தேவையில்லை. பூங்காவின் பராமரிப்பையே ஏற்று அதைத் தத்தெடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

4. மனு எழுதுவது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 'கவுன்சிலரிடம் சொல்லிவிட்டோம், சரி என்றார்' என்று சொல்வார்கள். கவுன்சிலரிடம் சொல்வது நல்லது, கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. நாளைக்கு ஒருவர் காலில் கண்ணாடி குத்தினாலோ, ஒரு கிளை முறிந்தாலோ, 'யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?' என்ற கேள்வி வரும். கையில் காகிதம் இருக்க வேண்டும்.

மனு யாருக்கு? வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒன்று, மண்டல அலுவலருக்கு ஒன்று. நகல் பூங்கா துறைக்கும் கவுன்சிலருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் முதலில் எழுதியது மூன்று பக்கம். சுற்றுச்சூழல், வருங்காலத் தலைமுறை எல்லாம் அதில் இருந்தது. என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை. இரண்டாவது முறை எழுதியது இப்படி:

"பொருள்: …… தெரு மாநகராட்சிப் பூங்காவில் தன்னார்வத் துப்புரவு மற்றும் செடி பராமரிப்புக்கு அனுமதி கோருதல்.

ஐயா/அம்மா, மேற்படி பூங்காவைச் சுற்றி வசிக்கும் நாங்கள் பத்து பேர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 6.30 முதல் 8.30 வரை கட்டணமின்றிக் கீழ்க்கண்ட பணிகளைச் செய்ய விரும்புகிறோம்: குப்பை பொறுக்கிப் பிரித்தல், களை எடுத்தல், உதிர்ந்த இலைகளை உரமாக்குதல். மரம் வெட்டுதல், கிளை கழித்தல், கட்டுமானம், மின்சாதனங்களைத் தொடுதல் ஆகியவற்றைச் செய்ய மாட்டோம். பூங்காவின் பெயரில் பணம் வசூலிக்க மாட்டோம். விளம்பரப் பலகை வைக்க மாட்டோம். தங்களிடம் நாங்கள் கேட்பது: (அ) எழுத்துப்பூர்வ அனுமதி, (ஆ) அந்த நாட்களில் காலை 9 மணிக்குக் குப்பை வண்டி, (இ) கருவிகள் வைக்கக் காவலர் அறையில் இடம், (ஈ) தொடர்பு கொள்ள ஒரு அலுவலரின் பெயர்."

'செய்ய மாட்டோம்' என்ற வரிகள்தான் இந்த மனுவின் உயிர். அதிகாரிக்கு இரண்டு பயம் இருக்கும். ஒன்று, யாரோ இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்களோ என்பது. இன்னொன்று, மரத்தில் கை வைத்துவிட்டுத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்பது. இரண்டுக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டால் கையெழுத்து சீக்கிரம் வரும்.

இணைக்க வேண்டியவை: தன்னார்வலர்களின் பெயர், முகவரி, கைபேசி எண், கையொப்பம் கொண்ட பட்டியல், இரண்டு பொறுப்பாளர்களின் அடையாள அட்டை நகல் (ஆதார் என்றால் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட பிரதி போதும்), தேதி தெரியும்படி எடுத்த ஐந்தாறு படங்கள், கையால் வரைந்த ஒரு வரைபடம், அதில் குப்பை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, உரக்கூடு எங்கே வைக்க விருப்பம் என்ற குறிப்பு. பத்து பேரின் ஆதாரையும் கட்டுக்கட்டாக இணைக்காதீர்கள். யாரும் கேட்கவில்லை. அந்த நகல்கள் எந்த மேசையில் கிடக்கும் என்றும் சொல்ல முடியாது.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். 'வெச்சுட்டுப் போங்க, பாக்குறோம்' என்றால் சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள். வாங்க முடியவில்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இதற்கெல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்குள். கட்டணம் என்று எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? எங்களுக்கு 27 நாள். அதில் நான் நேரில் போனது மூன்று முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும், தினமும் போய் நின்றால் எரிச்சல்தான் வரும். காலை பத்தரைக்கு மேல் பொறியாளர்கள் களத்துக்குப் போய்விடுவார்கள், அதற்கு முன்னால் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவர்கள் மோட்டார் பம்போடு சுரங்கப்பாதையில் நிற்பார்கள், உங்கள் களைச்செடியைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகும் இதே கதைதான். ஜூன், ஜூலைதான் சரியான காலம்.

கவுன்சிலர் நடத்தும் பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் நடந்தால் அங்கேயும் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதினைந்து நாளாக நகராத எங்கள் கோப்பு, அப்படிப் பதிந்த பிறகுதான் நகர்ந்தது.

5. குப்பை எங்கே போகும்?

இதற்கு விடை தெரியாமல் ஒரு காகிதத்தைக்கூடக் குனிந்து எடுக்காதீர்கள்.

பூங்காக்காரர்கள் வேறு, குப்பை எடுப்பவர்கள் வேறு. அனுமதி கொடுத்த பொறியாளருக்குக் குப்பை வண்டியின் மேல் அதிகாரம் இருக்காது. ஆகவே வார்டின் துப்புரவு ஆய்வாளரைத் தனியாகப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணி, ஏறக்குறைய எத்தனை மூட்டை என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு நினைவூட்டல் செய்தி. ஞாயிறு காலை வண்டி ஓட்டுநருக்கு ஒரு போன். வண்டி வராவிட்டால் மூட்டைகள் பூங்காவுக்குள்ளேயே, பூட்டிய கேட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். ஒருபோதும் தெருவில் வைக்காதீர்கள். வரவேயில்லையென்றால் 1913 என்ற எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

பிரித்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் ஒரு மூட்டை. உணவுக்கழிவு ஒன்று. டயாபர், நாப்கின் தனி. இலை, சருகு எதுவும் வெளியே போகக் கூடாது, அது உங்கள் உரம். செங்கல், ஓடு, சிமென்ட் கட்டி கிடந்தால் அதைத் தொடாதீர்கள். கட்டடக்கழிவுக்கு வேறு வண்டி, வேறு இடம். குப்பை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். எங்கள் பூங்காவில் யாரோ வீடு இடித்த கல்லை ஒரு மூலையில் கொட்டியிருந்தார்கள். நாங்கள் மூட்டையில் கட்டி வைத்த எட்டுச் சுமையும் அப்படியே திரும்பி வந்தது. அதற்கென்று தனியாகக் கடிதம் கொடுத்த பிறகுதான் லாரி வந்தது.

உடைந்த கண்ணாடியைக் கோணிப்பையில் போடாதீர்கள். பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள். அதைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கையை நினைத்துப் பாருங்கள்.

ஒருவேளை கல்லூரி மாணவர்கள், நிறுவன ஊழியர்கள் என்று நூறு பேருக்கு மேல் கூட்டம் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால் அவ்வளவு பேரைச் சேர்க்கவே வேண்டாம். நூறு பேர் வந்தால் நூறு தண்ணீர் பாட்டில் மிஞ்சும்.

6. சாமான்களும் செலவும்

ரப்பர் பூசிய கையுறை 15 ஜோடி 900 ரூபாய், ஐந்து ஈர்க்குமாறு 400, இரண்டு மண்வெட்டி 900, நான்கு சாந்துச்சட்டி 600, நான்கு களைக்கொத்தி 480, ஒரு கடப்பாரை 600, பழைய அரிசிக் கோணி ஐம்பது 750, முதலுதவிப் பெட்டி 400. மொத்தம் 5,030 ரூபாய். பத்து பேருக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு. வசூல் அதோடு முடிந்தது.

மெல்லிய கையுறை வாங்காதீர்கள். முள் நேராக உள்ளே இறங்கும். டி-ஷர்ட் அச்சடிக்காதீர்கள். எங்களில் ஒரு கோஷ்டி அதற்கு ஆசைப்பட்டது. ஒரு சட்டைக்கு 250 ரூபாய், அதில் ஐந்து கோணிப்பை வாங்கினாலும் பாக்கி இருக்கும் என்று சொல்லி அடக்கினோம்.

பணம் ஒருவரின் ஜிபே கணக்குக்குத்தான் வரும், வேறு வழியில்லை. ஆனால் அன்றன்றைக்கு ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். எங்களுக்குள் ஒரு பெரிய மனக்கசப்பு வந்தது 340 ரூபாய்க்காக. இரண்டு நல்ல ஆட்கள் அதற்கப்புறம் வரவேயில்லை.

7. முதல் நாள்

மே மாதம் வேண்டாம். காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு நிறுத்துங்கள், உற்சாகம் இருந்தாலும். முழுக்கால் சட்டை, மூடிய காலணி. செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால், முன்னதாகவே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

இலைக்குவியலில் நேராகக் கையை விடக் கூடாது. முதலில் நீளக் கம்பால் தட்டிக் கிளறுங்கள். பாம்பு இருந்தால் அது போக வழிவிட்டு எல்லோரும் பின்னால் வந்துவிடுங்கள். போகவில்லையென்றால் வனத்துறைக்கோ 101-க்கோ சொல்லுங்கள். ஊசி, சிரிஞ்சு கண்ணில் பட்டால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான பாட்டிலில் போடுங்கள்.

தேங்காய்ச் சிரட்டை, கப், டயர், உடைந்த தொட்டி இவற்றை முதலில் தேடுங்கள். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை நீங்கள் கவிழ்த்துவிட்டு வந்தாலே அந்தச் சுற்று அறுந்துவிடும்.

இன்னொன்று. பூங்கா பெஞ்சில் தூங்குகிறவர், ஓரமாக உட்கார்ந்து பேசும் இளசுகள், இவர்களெல்லாம் குப்பை இல்லை. அவர்களை எழுப்பவோ விரட்டவோ படம் எடுக்கவோ உங்களுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு மாமாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கட்டுரை.

8. களையும் இலையும் மரமும்

களை எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் என்னைப் போலப் பாடம் படிப்பார்கள். நான் ஒரு மணி நேரம் குனிந்து பிடுங்கியது பாதி மூக்கிரட்டையும் கீழாநெல்லியும். தோட்டக்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவை மண்ணைப் பிடித்து வைத்திருந்த செடிகள். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மண் அரித்துப் போனது.

கண்டிப்பாக எடுக்க வேண்டியது பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, சின்ன வெள்ளைப் பூ. பூ விடும் முன்னே, மழை பெய்து மண் இளகிய நாளில், கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். சிலருக்குத் தோலில் தடிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். கோரையை மேலே வெட்டினால் பிரயோசனமில்லை, கிழங்கோடு தோண்டினால்தான் போகும். தெரியாத செடி என்றால் விட்டுவிடுங்கள்.

சருகைக் கொளுத்தாதீர்கள். 'அந்தக் காலத்திலிருந்து இப்படித்தானே' என்பார்கள். விதிப்படி தடை, புகை நேராகப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்குப் போகும், உரமும் போச்சு. பத்து அடி நீளக் கம்பிவலை வாங்கி வட்டமாகக் கட்டினால் மூன்றடி அகலக் கூடு கிடைக்கும். உயரம் நாலடி இருக்கட்டும். ஒரு அடிக்குச் சருகு, மேலே ஒரு வாளி சாணிக் கரைசல் அல்லது புளித்த மோர், மறுபடி சருகு. கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒரு தடவை தண்ணீர் தெளித்து, மாதம் ஒரு தடவை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக உதிரும். கூட்டின் மேல் 'இது குப்பைத்தொட்டி அல்ல' என்று எழுதி வையுங்கள். எழுதினாலும் இரண்டு காபிக் கப் விழத்தான் செய்யும்.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், அடித்திருந்தால் பிடுங்குங்கள். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டிருந்தால் அதை உடைக்க நீங்கள் கடப்பாரை எடுக்க வேண்டாம். படம் எடுத்து எழுதிக் கொடுங்கள், வேரைச் சிதைக்காமல் அவர்கள் எடுக்கட்டும். கிளை வெட்டுவது மாநகராட்சி வேலை. பொது இடத்தில் மரத்தையே வெட்ட வேண்டுமானால் மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம் என்று நீங்களாக முடிவு செய்து கை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

9. கன்று நடுவது

எல்லோருக்கும் நட ஆசை. படம் அழகாக வரும். நாங்கள் முதல் வருடம் பிப்ரவரியில் ஒரு பிறந்தநாளை ஒட்டி 20 கன்று நட்டோம். ஜூனில் மிஞ்சியது மூன்று. ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் விட ஆள் இல்லை. போர்வெல் மோட்டார் அறைச் சாவி யாரிடம் என்றே எங்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் நடுங்கள், வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐந்தடி உயரக் கன்று, மூன்றடிக்கு மூன்றடி குழி. நடும் முன்பே எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் கீழே கேபிளோ குழாயோ இருக்கலாம். புங்கை, பூவரசு, மகிழம், புன்னை, நாவல், வேம்பு என்று நம் மண் மரமாகப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு, சாலையை அடைத்துக் கிடந்த குல்மோகரும் தூங்குமூஞ்சியும் நினைவிருக்கும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு அரசே அதற்குத் தடை விதித்திருக்கிறது. கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள், பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் வழியாகவும் கேட்கலாம்.

ஒரு கன்றுக்கு ஒரு வீடு என்று பெயர் எழுதிப் பொறுப்புக் கொடுங்கள். இரண்டு கோடைக்கு, வாரம் இரண்டு முறை, ஒரு குடம் தண்ணீர். ஒப்புக்கொள்ள வீடு கிடைக்காத கன்றை நடாதீர்கள். பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒருமுறை கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குப் போய் வாருங்கள். அடையாற்றுக் கரையில் குப்பை மேடாகக் கிடந்த இடம், தன்னார்வலர்கள் கையால் நாட்டு மரத் தோப்பாகியிருக்கிறது.

10. தத்தெடுக்கச் சொன்னால்

ஆறு மாதம் நன்றாகச் செய்தால் யாராவது 'நீங்களே தத்தெடுத்துக்கொள்ளுங்களேன்' என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். தத்தெடுப்பு என்றால் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பராமரிப்புச் செலவை ஏற்பது. நாங்கள் விசாரித்தபோது ஒரு தோட்டக்காரர் சம்பளமே மாதம் பதினைந்தாயிரம் ஆகும் என்றார்கள். காவலர், மோட்டார் பழுது, விளையாட்டுச் சாமான் ரிப்பேர் எல்லாம் இதற்கு மேல். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவை ஒரு நிதி நிறுவனம் பராமரிக்கிறது. அந்த வசதி தெருச் சங்கத்துக்கு வராது. கேட்க வேண்டியவை: மின்கட்டணமும் தண்ணீரும் யார் தலையில்? விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு? இடையில் விலக எத்தனை மாத அறிவிப்பு?

நடைபாதை, விளையாட்டுச் சாமான் என்று ஒரே ஒரு வேலைதான் வேண்டுமென்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு உங்கள் பங்கு இரண்டு லட்சம். பணத்தை டிமாண்ட் டிராஃப்டாகக் கட்டி ரசீது வாங்குங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மதிப்பீட்டின் நகலை வாங்கிப் பார்த்த பிறகே கட்டுங்கள்.

11. பதிவேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று காவலர் அறையில். தேதி, வந்தவர்கள், எத்தனை மூட்டை, வண்டி வந்ததா, கண்ணில் பட்ட பழுது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பக்கம் எழுதி உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள். அவர் மாற்றலாகிப் போனால் (போவார்) புதியவரிடம் காட்ட அந்தக் காகிதங்கள்தான் இருக்கும். எங்களுக்கு இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். அனுமதிக் கடிதத்தில் முடிவுத் தேதி இருந்தால் ஒரு மாதம் முன்பே நீட்டிப்புக்கு எழுதிவிடுங்கள்.

கருவிப் பெட்டிக்குச் சாவி இரண்டு போடுங்கள். ஒன்று வாட்ச்மேனிடம், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருக்கிறவரிடம்.